இருபதாம் விதி

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுச் சுவரைப் பார்த்தே வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். உதயசூரியன் எழுதிய வீட்டில் பெண் கேட்க இரட்டை இலைக்காரர் இரண்டு முறை யோசிப்பார். வெறும் சுண்ணாம்பு அடித்து, எந்தச் சின்னமும் இல்லாமல் ஒரு வீடு நின்றால் பெரும்பாலும் அது மிலிட்டரிக்காரர் வீடு. தேர்தல் சமயத்தில் வாளியும் பிரஷ்ஷுமாக வரும் பையன்களிடம் வீட்டுக் கிழவி, “எம் புள்ள பட்டாளத்துல இருக்கான், இங்க எழுதாதீங்கடா” என்பாள். பையன்கள் அடுத்த சுவருக்குப் போய்விடுவார்கள். அதற்காக எந்தக் கட்சிக்காரரும் சண்டைக்கு வந்து நான் பார்த்ததில்லை. கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். உலகப் போர்க் காலத்திலிருந்தே பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. அந்த மாதிரி ஊர்கள் சூழ்ந்த எங்கள் வட்டாரத்தில் சிப்பாய்க்குக் கட்சி கிடையாது என்பதை யாரும் சட்டப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நான் 1982-ல் சேர்ந்தேன். அதுவரை எம்.ஜி.ஆர். மன்றத்தில் இருந்தவன். பழைய படம் மறுபடி டென்ட் கொட்டகைக்கு வந்தாலும் தோரணம் கட்டியவன். சேருவதற்கு முந்தின வாரம், பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, “மொதல்ல மன்றத்து அட்டையைக் கொடுத்துட்டு வா. ரெண்டு பக்கமும் கால் வைக்க முடியாது” என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். ஆள் எடுக்கும் இடத்தில் கேட்ட கேள்விகளில் ஒன்று, ஏதாவது கட்சியில் உறுப்பினரா என்பது. இல்லை என்று தலை நிமிர்ந்து சொல்ல முடிந்தது.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர். ஸ்ரீநாகேஷ் பாரக்ஸில் தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடன் எல்லோரும் கலந்து படுத்திருந்தோம். கண்ணூர்க்காரன் ஒருவனுடைய அப்பா மார்க்சிஸ்ட் கட்சித் தொண்டர். குண்டூர்ப் பையனுக்கு என்.டி.ஆர். புதுக்கட்சி தொடங்கியதில் தூக்கம் வரவில்லை. விளக்கணைத்த பிறகு கட்டிலுக்குக் கட்டில் வாக்குவாதம் நடக்கும். ஒரு ராத்திரி எங்களுக்குப் பயிற்சி தரும் உஸ்தாத் வெளியே நின்று கேட்டுவிட்டார். பனிஷ்மென்ட் நிச்சயம் என்று எழுந்து நின்றோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: “பேசுங்கடா, தப்பில்ல. ஆனா கேட்டைத் தாண்டி ஒரு வார்த்தை போகக் கூடாது. இந்தச் சட்டையைப் போட்டுட்டா உங்க வாய் சர்க்கார் வாய்.”

பிறகு நான் கிளார்க் ஆனேன். பட்டாலியன் ஆபீஸில் தட்டச்சு மிஷின் முன்னால் உட்கார்ந்ததால் உஸ்தாத் சொன்னதன் சட்ட வடிவத்தைப் பல முறை அடித்திருக்கிறேன். அரசியல் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, படையினருடைய அடிப்படை உரிமைகளை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தில் பிறந்தது 1950-ஆம் ஆண்டு ஆர்மி சட்டத்தின் 21-ஆம் பிரிவு. அதன் கீழ் 1954-ல் வந்த ஆர்மி விதிகளில் 19, 20, 21 மூன்றும் எங்களுக்கு மனப்பாடம். அனுமதி இல்லாமல் சங்கம் சேரக் கூடாது என்பது பத்தொன்பது. கட்சிக் கூட்டத்துக்கோ ஊர்வலத்துக்கோ போகக் கூடாது, கட்சியில் சேரக் கூடாது, அதற்குப் பணம் கொடுக்கக் கூடாது, தேர்தலில் நிற்பதாக அறிவிக்கக் கூடாது என்பது இருபது. அனுமதி இல்லாமல் பத்திரிகைக்கு எழுதக் கூடாது, ராணுவ விஷயங்களை வெளியிடக் கூடாது என்பது இருபத்தொன்று. தேர்தல் அறிவித்த மறுநாளே இருபதாம் விதியை நினைவூட்டி ஒரு ஆர்டர் போகும். கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். ரோல் காலில் வாசிப்பார்கள்.

இந்த விதிகளை நான் மனதார ஏற்றுக்கொண்டவன். ஏன் என்று சொல்ல வேண்டும். 1958 அக்டோபரில் பாகிஸ்தானில் ஜெனரல் அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். ஒரே பிரிட்டிஷ் பட்டாளத்திலிருந்து பிரிந்த இரண்டு சேனைகளில் ஒன்று அரண்மனைக்குப் போனது, மற்றது பாரக்கிலேயே இருந்தது. அடுத்த ஆண்டே இங்கும் ஒரு சோதனை வந்தது. 1959 ஆகஸ்ட் கடைசியில் தளபதி திம்மையா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஏற்பட்ட பிணக்கில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு பேசித் திரும்பப் பெற வைத்தார். செப்டம்பர் 2-ஆம் தேதி நாடாளுமன்றத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த அரசுதான் படைக்கு மேல் என்பதை நேரு அழுத்தமாகச் சொன்னார். திம்மையா பத்திரிகைகளைக் கூட்டிப் பேசவில்லை. மக்களிடம் அவருக்கு இருந்த செல்வாக்குக்கு அவர் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்தக் காலமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் சென்டருக்கு அருகிலேயே இருக்கும் ஸ்டாஃப் காலேஜில் கமாண்டன்ட்டாக இருந்தார் சாம் மானெக்‌ஷா. திம்மையாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கிருஷ்ண மேனன் அவரிடம் கேட்டதும், என் தளபதியைப் பற்றி அபிப்பிராயம் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை என்று அவர் பதில் சொன்னதும் வெலிங்டனில் பழைய சுபேதார்கள் எங்களுக்குச் சொன்ன கதை. தேசத்துக்கு விரோதமாகப் பேசினார் என்று அவர் மேல் விசாரணை நடந்து, கடைசியில் குற்றமில்லை என்று தீர்ந்தது வரலாறு. படை அரசியலுக்குப் போகாமல் இருந்தால் போதாது, அரசியல் படைக்குள் கை நீட்டாமலும் இருக்க வேண்டும் என்பதற்கு அந்த விசாரணையே சாட்சி. 1971 போரை வென்றவர் அதே மானெக்‌ஷா. அந்த வெற்றியைச் சொல்லித்தான் 1972 மார்ச் சட்டமன்றத் தேர்தல்களில் காங்கிரஸ் ஓட்டுக் கேட்டது. ஆகவே சிப்பாயின் ரத்தத்தை மேடையில் விலை பேசும் பழக்கம் நேற்று தொடங்கியதல்ல.

வாயை மூடச் சொன்ன சட்டம் ஓட்டை மூடச் சொல்லவில்லை. கிளார்க் வேலையில் எனக்கு மிகவும் மனதுக்குப் பிடித்த வேலை அதுதான். சிப்பாய் எங்கே பணியில் இருந்தாலும் சொந்த ஊர்த் தொகுதியின் வாக்காளர் பட்டியலில், கடைசிப் பகுதியில் சர்வீஸ் வாக்காளராகப் பெயர் இருக்கும். உடன் வசிக்கும் மனைவிக்கும் உண்டு. தபால் ஓட்டு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வழியாக வரும். 13-ஏ உறுதிமொழிப் படிவம், ஆபீஸர் சான்றொப்பம், ஓட்டுச்சீட்டு வைக்கும் உள் உறை 13-பி, எல்லாம் சேர்த்து வைக்கும் வெளி உறை 13-சி. வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகுதான் சீட்டு அச்சாகும். அதற்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று வாரமே இருக்கும். அதற்குள் அது ஊரிலிருந்து வெலிங்டனுக்கும், வெலிங்டனிலிருந்து ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸுக்கும், அங்கிருந்து கோவேறு கழுதை போகும் பாதையில் போஸ்ட்டுக்கும் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். நாகாலாந்தில் நாங்கள் இருந்தபோது, ஊரில் புது எம்.எல்.ஏ. பதவியேற்ற பிறகு ஓட்டுச்சீட்டுக் கட்டு வந்து சேர்ந்தது. ஜவான்கள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்த முகங்களை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. பேசக் கூடாது என்று நாடு கேட்டது, சரி என்றார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது காலத்தில் வந்து சேரும் ஒரு காகிதம்.

இந்த ஒரு விஷயத்தில் இன்றைய காலம் எங்கள் காலத்தைவிட எவ்வளவோ மேல். 2003-ல், ஊரில் நம்பகமான ஒருவரை நியமித்து அவர் மூலம் ஓட்டுப் போடும் வசதி வந்தது. 2014-ல் போர்முனை அல்லாத அமைதி நிலையங்களில் இருப்பவர்கள் பணியிடத்திலேயே பொது வாக்காளராக ஓட்டுப் போட உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2016-ல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதன்முதலாக ஓட்டுச்சீட்டை மின்வழியில் அனுப்பிப் பார்த்தார்கள். சிப்பாய் பாஸ்வேர்டு போட்டு இறக்கி, அச்செடுத்து, குறியிட்டுத் தபாலில் திருப்பி அனுப்பினால் போதும். போகும் வழியில் வீணான நாட்கள் மிச்சம். 2019 மக்களவைத் தேர்தலில் சுமார் 18 லட்சம் சர்வீஸ் வாக்காளர்களுக்கு இந்த வசதி இருந்தது. பெண் அதிகாரியின் கணவருக்கு இல்லாதிருந்த உரிமையும் 2021 சட்டத் திருத்தத்தில் வந்துவிட்டது. செய்தவர் எந்தக் கட்சியானாலும் நன்றி சொல்ல வேண்டிய காரியங்கள்.

இலங்கைக்கு வருகிறேன். இருபதாம் விதி எனக்கு உடம்பில் வலித்தது அங்கேதான்.

1987 அக்டோபரில் விடுதலைப் புலிகளுக்கு எதிராக இந்திய அமைதிப்படையின் ஆபரேஷன் பவன். எங்கள் மாதிரித் தமிழ் பேசும் ஆட்களுக்கு வேலை இரட்டிப்பு. நான் கிளார்க் என்றாலும் சோதனைச் சாவடிக்கு மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். சாவகச்சேரியில் ஒரு வயதான அம்மா, பையிலிருந்த கத்தரிக்காயையும் மருந்துச் சீட்டையும் நான் எடுத்துப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “நீ தமிழ்ப் பொடியன்தானே, பிறகேன் இஞ்ச வந்தனீ?” என்று கேட்டார். பின்னால் சர்தார்ஜி ஆபீஸர், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஒன்றுமில்லை சாப், போகலாமா என்கிறாள் என்றேன். அந்த அம்மாவுக்கும் பதில் சொல்லவில்லை, ஆபீஸருக்கும் சொல்லவில்லை. ஏன் வந்தேன் என்பது டில்லியும் கொழும்பும் 1987 ஜூலையில் போட்ட ஒப்பந்தத்தின் விஷயம். அதைப் பற்றி எனக்குக் கருத்து இருந்தது. பாரக்கில் படுத்திருந்த ஒவ்வொரு தமிழனுக்கும் இருந்தது. ஒருவரும் ஆர்டரை மீறவில்லை.

லீவில் வந்தால் ஊர் வேறு மாதிரி இருந்தது. டீக்கடைச் சுவரில் பிரபாகரன் படம். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள், “அங்க நம்ம ஜனங்களையே சுடுறீங்களாமே?” என்று நேருக்கு நேர் கேட்டார்கள். என் கூடப் படித்தவன் பேச்சை நிறுத்திவிட்டான். அவர்களுக்கும் நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் விதி மீறல் என்பது ஒரு காரணம். எதைச் சொன்னாலும் அது ஏதோ ஒரு கட்சியின் மேடையில் போய் நிற்கும் என்பது பெரிய காரணம். 1990 மார்ச் 24-ஆம் தேதி அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திரிகோணமலையை விட்டுக் கிளம்பிச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அங்கே தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், அந்தப் படையை நான் எப்படி வரவேற்பேன் என்பது அவர் நிலை. எங்கள் யூனிட் அதற்கு முன்பே கரையேறிவிட்டதால் நான் அந்தச் செய்தியைப் பேப்பரில்தான் படித்தேன். மனம் சுட்டது. ஆனால் அந்த முடிவில் அரசியல்வாதி தன் கருத்தைத் தன் பெயரில், தன் பொறுப்பில் சொன்னார். எங்களைத் தன் மேடைக்கு இழுக்கவில்லை. இன்று நினைக்கையில் அந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சுமார் 1,200 இந்தியப் படையினர் அங்கே இறந்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ல் இறந்து பரம் வீர் சக்ரா பெற்றார். அதே 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் எங்கள் படையின் துப்பாக்கிக்கு இறந்தார்கள். நான் அங்கே இல்லை. ஆனால் நான் போட்டிருந்த அதே சட்டையைப் போட்டவர்கள் இருந்தார்கள். அதைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் உயிர் பிழைத்தவர்கள் சொன்னது. உள்ளிருந்து குரல் வரவில்லை. இங்கே நான் ஒரு கோடு போட விரும்புகிறேன். போருக்கு அனுப்பியது சரியா என்று சிப்பாய் சந்தியில் நின்று பேசக் கூடாது. அதை நான் இன்றும் ஏற்கிறேன். குற்றம் நடந்தால் வாயை மூடிக்கொள் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதை மேலே எழுதுவது சிப்பாயின் கடமை, எழுதியவனைக் காப்பாற்றுவது படையின் கடமை. கட்சி சார்பின்மைக்காகப் போட்ட பூட்டைக் குற்றத்தை மறைக்கவும் பயன்படுத்தினால் அந்தப் பூட்டின் மரியாதையே போய்விடும்.

அமைதிப்படைக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஜெனரல் ஹர்கிரத் சிங், 2007-ல் எழுதிய புத்தகத்தில், பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுடச் சொன்ன உத்தரவைத் தான் மறுத்ததாக எழுதினார். இருபது ஆண்டு கழித்துப் பேசினார், புத்தகம் வந்தது, அவரோடு ஒத்துப்போகாதவர்கள் மறுத்து எழுதினார்கள். நாடு ஒன்றும் இடிந்து விழவில்லை. தரைப்படைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஜெனரல் நரவணேயின் நினைவுக் குறிப்பில் சில பகுதிகள் 2023 டிசம்பரில் செய்தி நிறுவனம் வழியே வெளிவந்தன. அடுத்த மாதம் கடைக்கு வரவேண்டிய புத்தகம் அரசின் பரிசீலனைக்குப் போனது, சொன்ன தேதியில் வரவில்லை. பாதுகாப்பு ரகசியம் இருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டட்டும். காலவரையின்றி வைத்திருப்பது வேறு.

என் அக்கா மகன் இப்போது சர்வீஸில் இருக்கிறான். 2020 ஜூலையில் போன் செய்தான். “மாமா, ஃபேஸ்புக், இன்ஸ்டா எல்லாத்தையும் போன்ல இருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. பதினஞ்சாம் தேதி கடைசி.” மொத்தம் 89 செயலிகள். பணியில் இருந்த லெப்டினன்ட் கர்னல் ஒருவர் டில்லி உயர் நீதிமன்றம் போனார். ஆகஸ்டில் மனு தள்ளுபடி ஆனது. பெண் பெயரில் நட்பு பிடித்து யூனிட் நகர்வைக் கறக்கும் எதிரியின் வேலை உண்மையானது என்பதால் மருமகனிடம், “சொன்னா எடுத்துடுடா” என்றேன். எடுத்துவிட்டான். 2023-ல் மறுபடி அழைத்தான். “லீவுல ஊருக்கு வரும்போது ஜனங்ககிட்ட சமூக சேவை பண்ணணுமாம், கவர்மென்ட் திட்டத்தைப் பத்தியும் சொல்லணுமாம் மாமா. நம்ம ஊர்ல நான் போய் நின்னு அதைப் பேசினா என்னை எந்தக் கட்சின்னு நெனப்பாங்க?” எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஆண்டே பாதுகாப்புத் துறை அமைப்புகளில் 822 இடங்களில் அரசின் சாதனைகளை விளக்கும் செல்ஃபி மையங்கள் வைக்கச் சொல்லி ஒரு கடிதம் போன செய்தி வந்தது. பிரதமர் படமும் அதில் இருக்கலாம் என்றார்கள். அரசுத் திட்டம் அரசுடையது, கட்சியுடையது அல்ல என்று வாதிக்கலாம். தேர்தலுக்கு ஆறேழு மாதம் இருக்கும்போது ஊர்ச் சந்தையில் அந்த வாதம் நிற்காது. சொந்த ஊர் விஷயத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாத ஒருவனை, ஆளும் அரசின் திட்டத்துக்கு வாய் திறக்கச் சொன்னால் அது நடுநிலை ஆகாது. ஆள்வது எந்தக் கட்சியாக இருந்தாலும் இதையே சொல்வேன்.

2019 தேர்தலில் நடந்ததை நான் மறக்கவில்லை. பிப்ரவரியில் புல்வாமா தாக்குதல், பிறகு பாலகோட் விமானத் தாக்குதல், பிறகு விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தான் பிடியிலிருந்து திரும்பியது. வாரம் திரும்புவதற்குள் அவர் படம் கட்சி விளம்பரங்களில் வந்துவிட்டது. மார்ச் 9-ல் தேர்தல் ஆணையம், படையினரின் படத்தை விளம்பரத்தில் போடாதீர்கள் என்று கட்சிகளுக்கு எழுதியது. 2013 டிசம்பரிலேயே இதே அறிவுரையை அது தந்திருந்தது. 2019 மார்ச் கடைசியில் உத்தரப் பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத், ராணுவத்தை மோடியின் சேனை என்று மேடையில் சொன்னார். இனி கவனமாகப் பேசுங்கள் என்று ஆணையம் எச்சரித்தது. ஏப்ரலில் ஓய்வு பெற்ற படையினர் 150 பேருக்கு மேல் பெயரிட்டு, ராணுவத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதை நிறுத்தக் கோரி ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் போனது. முன்னாள் தளபதிகள் ஓரிருவர் எங்கள் சம்மதம் இல்லாமல் பெயர் சேர்த்தார்கள் என்று மறுத்தார்கள். அந்த மறுப்பை வைத்துக் கடிதத்தையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதில் இருந்த கோரிக்கை பொய்யாகிவிடவில்லை. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் முடிந்ததும் ரயில் மின்-டிக்கெட்டிலும் பிரதமர் சல்யூட் அடிக்கும் படம் அச்சானது. எல்லையில் சல்யூட் அடித்தவர்களுக்குத் தங்கள் பெயரைச் சொல்லவே அனுமதி கிடையாது.

மேலே இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக மாணவர்கள் போராடிக்கொண்டிருந்தபோது, பதவியில் இருந்த தரைப்படைத் தளபதி பிபின் ராவத் பொது மேடையில் அந்தப் போராட்டத்தின் தலைமையைக் குறை கூறினார். அடுத்த சில நாளில் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றதும், நாங்கள் அரசியலிலிருந்து விலகியே இருக்கிறோம் என்றும் சொன்னார். 2021 டிசம்பர் 8-ல் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு வரும் வழியில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து அவர் இறந்தபோது நான் அழுதேன். நஞ்சப்பசத்திரத்து மக்கள் வீட்டுக் கம்பளிகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த மரியாதை அப்படியே இருக்க, 2019-ல் அவர் பேசியது தவறு என்பதும் அப்படியே இருக்கிறது. ஒரு லான்ஸ் நாயக் அதையே எழுதியிருந்தால் ஆர்மி சட்டத்தின் 63-ஆம் பிரிவில் சார்ஜ் ஷீட் அடித்திருப்பார்கள். அடிக்கும் வேலை என்னைப் போன்ற ஒரு கிளார்க்குக்கு வந்திருக்கும்.

அந்த லான்ஸ் நாயக்குக்கு வேண்டியது பெரும்பாலும் அரசியல் பேச்சல்ல. பருப்பு, லீவு, வீட்டில் மனைவியின் பாதுகாப்பு, ஊரில் வரப்பை நகர்த்திய பங்காளி. எங்கள் நாளில் மாதம் ஒரு முறை சைனிக் சம்மேளன் என்ற சிப்பாய்கள் கூட்டம் நடக்கும். சி.ஓ., அதாவது பட்டாலியன் தலைவர், எல்லாம் பேசி முடித்து, “கிஸி கா கோயி பாயிண்ட்?” (யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா) என்பார். பெரும்பாலும் யாரும் எழ மாட்டார்கள். எழுந்தவனைச் சுபேதார் மேஜர் அப்புறம் எப்படிப் பார்ப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஊர்ப் பிரச்சினைகளுக்கு ஒரு வழி இருந்தது. சி.ஓ. கையெழுத்தில் மாவட்ட ஆட்சியருக்கு டி.ஓ. லெட்டர் என்ற நேர்முகக் கடிதம் போகும். நானே எத்தனையோ அடித்திருக்கிறேன். தாசில்தார் ஜீப் வந்து நின்று நிலம் அளந்துவிட்டுப் போனதாக ஜவானின் அப்பா எழுதும் இன்லேண்ட் லெட்டர் வரும்போது ஆபீஸே சந்தோஷப்படும். சட்டத்தின் 26-ஆம் பிரிவும் மேலதிகாரியால் அநீதி நடந்தால் முறையிடும் உரிமையைத் தருகிறது.

அந்த வழி அடைபட்டால் சிப்பாய் போனை எடுப்பான். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர் ஒருவர் கருகிய ரொட்டியையும் தண்ணீர்ப் பருப்பையும் வீடியோ எடுத்துப் போட்டார். நாடே பார்த்தது. ஏப்ரலில் வேலை போனது. அந்தச் சமயத்திலேயே தரைப்படை ஜவான் ஒருவர் சகாயக் வேலையை, அதாவது அதிகாரிகளுக்கு எடுபிடியாக இருப்பதைப் பற்றி வீடியோ போட்டார். ஜனவரி 15 ராணுவ தினத்தில் தளபதி, சமூக ஊடகத்துக்குப் போனால் தண்டனை உண்டு என்றார். என்னிடமே நேராகச் சொல்ல வழி செய்கிறேன் என்று அந்த மாதத்திலேயே குறைப் பெட்டியும் வாட்ஸ்அப் எண்ணும் அறிவித்தார். நல்ல ஏற்பாடு. ஆனால் பெட்டியில் போட்ட கடிதத்துக்கு என்ன ஆனது என்று போட்டவனுக்குத் தெரிய வேண்டும், அவன் பெயர் கம்பெனிக்குத் திரும்பி வரக் கூடாது. அது நடந்தால் வீடியோ தானாக நின்றுவிடும். இப்போதோ வீடியோ வந்த அன்றைக்கே ஒரு கட்சி அவனைத் தியாகி என்கிறது, மறு கட்சி துரோகி என்கிறது. அவன் பருப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஓய்வு பெற்றவர்கள் கதை தனி. சட்டையைக் கழற்றிய நாளில் முழுக் குடிமகனாகிறோம். கட்சியில் சேரலாம், தேர்தலில் நிற்கலாம். 2015 ஜூனில் ஒரே பதவி ஒரே ஓய்வூதியத்துக்காக டில்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் படையினர் உட்கார்ந்தபோது வேலூரில் நாங்களும் கூடினோம், மனு கொடுத்தோம். முப்பது வருடம் கட்டி வைத்த குரலை நான் அன்றுதான் திறந்தேன். ஆனால் மூத்த தளபதிகளுக்கு ஒரு கெடு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஜெனரல் வி.கே. சிங் 2012 மே கடைசியில் ஓய்வு பெற்றார், 2013 செப்டம்பரில் ரேவாரி கூட்டத்தில் ஒரு கட்சியின் பிரதமர் வேட்பாளரோடு மேடையில் இருந்தார், 2014-ல் எம்.பி., மந்திரி. ஏர் சீஃப் மார்ஷல் பதௌரியா 2021-ல் ஓய்வு பெற்று 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்கு முந்தின மாதம், அதே கட்சியில் சேர்ந்தார். சட்டப்படி தவறே இல்லை. ஓய்வு பெற்ற மூத்த அதிகாரி ஒரு தனியார் கம்பெனியில் சேர ஓராண்டு காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அரசின் அனுமதி வேண்டும். கட்சியில் சேர ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. கீழே இருந்து பார்க்கும் ஜவானுக்கு, நேற்று நமக்கு ஆர்டர் போட்டவர் எப்போதிலிருந்து இந்தக் கட்சி என்ற கேள்வி வராதா? அந்தக் கேள்வி வரவே விடாமல் காத்ததுதான் திம்மையா காலத்துப் பட்டாளத்தின் சொத்து. ஐந்தாண்டு கெடு வைத்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்ய வேண்டும்.

எங்கள் ஊரிலும் கட்சிகளுக்கு முன்னாள் ராணுவத்தினர் பிரிவு வந்துவிட்டது. பொறுப்பு தருகிறோம் என்று என்னிடமும் வந்தார்கள். நான் சேரவில்லை, சேர்ந்தவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், அது அவர்கள் உரிமை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: மேடையில் மெடல் குத்திக்கொண்டு ஏறாதீர்கள். அந்த மெடல் நாடு கொடுத்தது, அதைக் கட்சிக்கு இரவல் தர நமக்கு அதிகாரமில்லை. சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை.

சுவர்கள் இப்போது பிளெக்ஸ் ஆகிவிட்டன. பட்டாளத்துக்காரர் வீட்டைத் தாண்டிப் போன பையன்களின் பிள்ளைகள், துப்பாக்கி பிடித்த சிப்பாய்ப் படத்தைத் தலைவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அச்சடிக்கிறார்கள். படத்தில் இருக்கும் சிப்பாயை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் ஆட்சேபிக்கவும் முடியாது, இருபதாம் விதியும் இருபத்தொன்றாம் விதியும் அவனைத் தடுக்கும். உங்களைத் தடுக்காது. தேர்தல் அறிவித்த பிறகு உங்கள் தெருவில் அப்படி ஒரு பிளெக்ஸைப் பார்த்தால், அது நீங்கள் ஓட்டுப் போடும் கட்சியுடையதாகவே இருந்தாலும், தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் வசதியைத் திறந்து படம் எடுத்து அனுப்புங்கள்.